வண்ண மீன்களும் ஒட்டுண்ணிகளும்

நம் மன்றத்து இதழாசிரிய நண்பர் ஒரு நாள் என் ஆய்வுக்கூடத்து வாயிலில் வந்து நின்றார். “இலக்கியக் கட்டுரைகள் ஏழு வந்துவிட்டன. கவிதைகளுக்கோ கணக்கில்லை. மன்றத்தில் அறிவியல் படிப்போர் சிலரே, நீயாவது ஏதேனும் எழுதித் தா” என்றார். எதை எழுதுவது என்று கேட்டேன். “நாள் முழுதும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயோ, அதை எழுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பது மீனின் சளி. இதழில் அச்சேறத்தக்க அழகிய பொருளன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தச் சளியை நம்பி ஒரு குடும்பத்தின் சோறு இருக்கக் கண்டவன் நான். ஆதலின் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுத அமர்ந்தவர். அவரைப் பின்தொடர்ந்து சித்தப்பாவும் வந்தார். அவருக்குக் கடை வேலை ஒத்துவரவில்லை. வெள்ளாயணிக் காயலுக்கு அண்மையில் சிறு நிலம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பதினான்கு சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, கப்பி, மோலி, தங்கமீன் ஆகியவற்றை வளர்க்கத் தொடங்கினார். முதற்பணம் சித்தி அயல்கூட்டத்தின் வழியாகப் பெற்ற கடன். நான் காரியவட்டத்தில் நீருயிரியலும் மீன்வளமும் படிக்கச் சேர்ந்ததற்கும் அந்தத் தொட்டிகளே காரணம். “நம்ம வீட்டுல ஒருத்தனாவது மீனுக்கு வைத்தியம் தெரிஞ்சவனா இருக்கட்டும்” என்றார் சித்தப்பா. அவருடைய நம்பிக்கை எத்தகைய சோதனைக்கு உள்ளாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

வண்ண மீன் என்றதும் வரவேற்பறையில் உள்ள கண்ணாடித் தொட்டியும், அதில் உலாவும் இரண்டு தங்கமீன்களுமே நம் நினைவுக்கு வரும். அவை அங்கு வருமுன் எத்தனை கை மாறின என்பதை நாம் எண்ணுவதில்லை. சென்னையின் வடமேற்கில் உள்ள கொளத்தூர், இந்நாட்டு வண்ண மீன் வணிகத்தின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. அங்கிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் ஆக்சிசன் நிரப்பிய பாலிதீன் பைகளில் மீன்கள் புகைவண்டியேறியும் பேருந்தேறியும் தெற்கே வருகின்றன. ஒரு பைக்கு இத்தனை மீன் என்று எண்ணிக் காசு கொடுக்கிறோம். அம்மீன்களின் மேல் ஏறிவரும் பயணிகளுக்குச் சீட்டும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அவைதாம் ஒட்டுண்ணிகள்.

பிறிதோர் உயிரின் மேலோ உள்ளோ தங்கி, அதன் செலவில் வாழும் உயிர் ஒட்டுண்ணி. இடம் கொடுக்கும் உயிரை ஓம்புயிர் என்பர். ஆற்றுமீனுக்கும் குளத்துமீனுக்கும் கூட ஒட்டுண்ணிகள் உண்டு. ஆனால் அங்கே மீன்கள் சிதறி வாழ்கின்றன. ஒட்டுண்ணியின் குஞ்சுகளுட் பெரும்பாலானவை தங்க இடம் காணாமலே மடிந்துபோகின்றன. சிமெண்டுத் தொட்டியிலோ ஒரு மீனின் வால் மற்றொரு மீனின் வாயைத் தொடுகிறது. வீடு தேடி அலைய வேண்டிய துன்பம் ஒட்டுண்ணிக்கு அங்கே இல்லை. ஆற்றில் இரண்டு மூன்றாக இருந்தது தொட்டியில் இருநூறு முந்நூறாகும்போதுதான் நோய் என்று நாம் அழைக்கும் நிலை உண்டாகிறது.

இனி என் முதல் வைத்தியத்தைக் கூறுகிறேன். முதுகலை வகுப்பிற் சேர்ந்து ஒரு திங்கள்கூட ஆகவில்லை. சித்தப்பா தங்கமீன் தொட்டிக்கு அழைத்துச் சென்று, “இதுங்க செவுள் மேல வெள்ளை வெள்ளையா இருக்கே, என்னடா தம்பி?” என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். ரவை தூவியதுபோல் வெண்மையான சிறு புள்ளிகள். முந்தைய வாரந்தான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு நொடியும் தயங்காமல், “வெண்புள்ளி நோய்” என்றேன். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. படித்த பிள்ளை சொல்லிவிட்டானே! உப்பும் மருந்தும் மூன்று வாரங்கள் தொட்டியில் விழுந்தன. மீன்கள் சோர்ந்தன, தீனியை வெறுத்தன. புள்ளிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

துறையில் ஆய்வு மாணவியாக உள்ள ஒரு சேச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். புள்ளியுள்ள மீன்கள் எல்லாம் ஆணா? ஆம். புள்ளிகள் செவுள்மூடியிலும் தோள்துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டுமா? ஆம். நாளுக்கு நாள் பரவுகின்றனவா? இல்லை. அவர் சிரித்துவிட்டு, “அது கல்யாணச் செக்கனல்லே” என்றார். இங்கு மணமகனைச் செக்கன் என்பர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனுக்குச் செவுள்மூடியிலும் தோள்துடுப்பு முள்ளிலும் இத்தகைய வெண்ணிறப் பருக்கள் எழுவது இயல்பு. நான் நோயாளி என்று கண்டது மாப்பிள்ளைக் கோலத்தை! மருந்து நீரில் கிடந்த மீன்கள் அந்தப் பருவத்தில் முட்டையிடவில்லை. அதனால் ஏற்பட்ட இழப்பைச் சித்தப்பா ஒரு முறையும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. சித்திதான் இரண்டு முறை சொன்னார்.

உண்மையான வெண்புள்ளி நோயை உண்டாக்குவது இக்தியோப்தீரியஸ் மல்ட்டிஃபிலீஸ் என்னும் ஓரணுவுயிர். 1876ஆம் ஆண்டில் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குப் பெயரிட்டார். ‘பிள்ளைகள் பலவற்றையுடைய மீன்பேன்’ என்பது அப்பெயரின் பொருள். பேன் என்றது பிழை. பிள்ளைகள் பல என்றது முற்றிலும் உண்மை. மீனின் மேல் நாம் காணும் ஒவ்வொரு வெண்புள்ளியும், மேல்தோலுக்கு அடியில் பதுங்கி உண்டு கொழுத்த ஓர் உயிரி. ஒரே அணுவாலான உயிர் ஒரு மில்லிமீட்டர் வரை வளர்கிறது என்றால் அதன் ஊட்டத்தை எண்ணிப் பாருங்கள். முற்றியதும் தோலைப் பிளந்துகொண்டு வெளியேறி, தொட்டியின் தரையிலோ சுவரிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு அமைத்துக்கொள்கிறது. அக்கூட்டினுள் இரண்டு, நான்கு, எட்டு எனப் பிரிந்து பிரிந்து பல நூறாகிறது. சில வேளைகளில் ஆயிரத்தையும் எட்டுகிறது. கூடு உடைந்ததும் அத்தனை குஞ்சுகளும் நீந்திப் புறப்பட்டு மீனைத் தேடுகின்றன. இரண்டொரு நாளில் மீன் அகப்படாவிட்டால் மடிகின்றன.

இச்சுழற்சி முழுதும் வெப்பநிலையைப் பொறுத்தது. 25 பாகை செல்சியஸ் அளவில் ஒரு வாரத்திற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். குளிர்நாட்டு நீரில் அதுவே பல வாரங்கள் ஆகும். 30 பாகைக்கு மேல் இவ்வுயிர் நன்கு வளர்வதில்லை. எனவே நம் ஊர்க் கோடையைவிட மழைக்காலமே இதற்கு உகந்தது. மழைநீர் விழுந்து தொட்டி திடீரெனக் குளிரும்போது மீனின் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது, இரண்டும் ஒன்றுசேர்கின்றன.

மருந்து ஏன் பலிப்பதில்லை என்று பலர் கேட்கின்றனர். தோலுக்கு அடியில் இருப்பதை மருந்து தீண்டாது. கூட்டுக்குள் இருப்பதையும் தீண்டாது. நீந்தித் திரியும் குஞ்சை மட்டுமே கொல்லும். திங்கட்கிழமை மருந்து ஊற்றுகிறோம். புதன்கிழமை பார்த்தால் மீன்மேல் ஒரு புள்ளியும் இல்லை. மருந்தின் பெருமையே பெருமை என்று புட்டியைப் பரணில் வைத்துவிடுகிறோம். உண்மையில் புள்ளிகள் முற்றி உதிர்ந்து தரையில் கூடு கட்டிக்கொண்டன. வெள்ளிக்கிழமை அவற்றின் பிள்ளைகள் வருகின்றன. புள்ளி மறைந்த பின்னும் விட்டுவிட்டு ஒரு வாரம் பத்து நாள் மருந்தைத் தொடர வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

நுண்ணோக்கியின் கீழ் இதைக் காண்பது எளிது. உருண்டை வடிவம், உடல் முழுதும் குற்றிழைகள், சாவகாசமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். உடலினுள் குதிரை லாடம்போல் வளைந்த உட்கரு தெரியும். அந்த லாடத்தை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். நான் அன்று ஒரு துளி சளியை எடுத்து அதைத் தேடியிருந்தால் மூன்று வார மருந்து மிச்சம். சித்தியின் சொல்லும் மிச்சம். இவ்விடத்தில் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எடுத்தாள்வது நம் மன்றத்தார் வழக்கம். அது எது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு இடம் குறைவு.

இனி, பார்க்கும் முறை. செத்த மீனைக் கொண்டுவராதீர்கள். மீன் இறந்த சிறிது நேரத்திற்குள் மேலே ஒட்டியிருந்தவை அதை விட்டு நீங்கிவிடும். அல்லது அவையும் இறந்து உருத் தெரியாமற் போகும். எடுப்பான சிவப்பு நிற மீன் துடிப்போடு நீந்தினால் அதுவும் வேண்டா. நோயின் குறி காட்டிக்கொண்டு, ஆனால் உயிரோடு இருக்கும் மீனே தக்க சான்று. ஈரக்கையால் பிடித்து, மழுங்கிய கத்தியின் ஓரத்தாலோ மெல்லிய மூடுகண்ணாடியாலோ தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கி மெல்ல வழிக்க வேண்டும். எதிர்த்திசையில் வழித்தால் செதிள் பெயரும். வழித்த சளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, அதே தொட்டியின் நீரை ஒரு சொட்டு விட வேண்டும். குழாய்நீரை விட்டால் அதிலுள்ள குளோரின் நாம் தேடுவதைக் கொன்றுவிடும். உயிரோடு அசைவதைக் கண்டு அறிவதே இக்கலையின் பாதி. அசையாமற் கிடந்தால் தூசியும் ஒட்டுண்ணியும் ஒன்றுபோலவே தோன்றும். செவுளைப் பார்ப்பதாயின் இழையின் நுனியைச் சிறிது கத்தரித்தெடுக்க வேண்டும். அதற்கு முன் மீனைக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயங்கச் செய்வது முறை. பல்வலிக்கு நம் பாட்டிமார் வைக்கும் அதே கிராம்புதான்.

முதலில் தாழ்ந்த உருப்பெருக்கத்தில் தகடு முழுவதையும் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் உயர்ந்த வில்லையைத் திருப்புவது புதுமாணவர் வழக்கம், நானும் செய்திருக்கிறேன். யானையின் காலடியில் நின்றுகொண்டு யானையைத் தேடுவது போன்றது அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீன் சுவரில் உடலை உரசுகிறது, துடுப்பை மடக்கிக்கொள்கிறது, நீர்மட்டத்தில் வாய் பிளக்கிறது, நீர் விழும் இடத்தில் கூடுகிறது. இவற்றைக் கண்டதும் ஒட்டுண்ணி என்று முடிவு கட்டுவது தவறு. அம்மோனியா மிகுந்த நீரிலும் மீன் இவ்வாறே செய்யும். குறிகள் ஒன்று; காரணங்கள் பல. நீரைச் சோதித்த பின்னரே மீனைச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவும் கற்ற பின்னர் வந்தது இரண்டாம் சோதனை. மலையாள மாதம் இடவத்தின் நடுவில் தொடங்கும் மழையை இங்குள்ளோர் இடவப்பாதி என்பர். இவ்வாண்டு அந்த மழை பிடித்து ஒரு வாரத்தில் சித்தப்பாவின் கப்பிகள் சாகத் தொடங்கின. முதல் நாள் பத்து, மறுநாள் முப்பது. விசிறிபோல் விரிந்திருக்க வேண்டிய வால்கள் மடங்கி ஊசிபோல் ஆயின. எனக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தொந்தரவு செய்ய வேண்டா என்று அவர் சொல்லவில்லை. பழைய வெண்புள்ளி வைத்தியமும் அவர் நினைவில் இருந்திருக்கலாம். மீன் மருந்து விற்கும் ஒருவரிடம் போனார். அவர் மீனைப் பாராமலே மஞ்சள் நிறத் தூள் ஒன்றைக் கொடுத்தார். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. ஒன்பது தொட்டிகளுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று.

பஞ்சு வடிகட்டியில் பாக்டீரியா குடியிருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நஞ்சற்றதாக மாற்றித் தருவது அதுவே. மஞ்சள் தூள் அந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றது. ஒட்டுண்ணிக்கு ஒரு கீறலும் இல்லை. அம்மோனியா ஏறியது. நோயினால் சாகாத மீன்கள் வைத்தியத்தினால் செத்தன. 1,800 கப்பிகள் இருந்த இடத்தில் ஆயிரத்திற்கும் குறைவாக நின்றபோதுதான் சித்தி எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

மறுநாட் காலை ஒரு பையில் ஆறு கப்பிகளை எடுத்துக்கொண்டு காரியவட்டத்திற்குப் பேருந்தேறினேன். அரசுப் பேருந்தை இந்நாட்டார் ஆனவண்டி என்று செல்லமாக அழைப்பர். அந்த ஆனவண்டியில் மீன்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. “விற்கானோ?” என்று நடத்துனர் கேட்டார். “வைத்தியத்திற்கு” என்றேன். அவர் அதை நம்பவில்லை.

சளித்துளியைத் தகட்டில் இட்டுப் பார்த்தேன். லாடம் இல்லை. அரை மில்லிமீட்டர் நீளத்தில் கண்ணாடிபோன்ற புழு ஒன்று, பின்முனையால் தோலைப் பற்றிக்கொண்டு முன்னுடலை அட்டைபோல் இங்குமங்கும் நீட்டித் துழாவிக்கொண்டிருந்தது. பின்முனையில் பெரிய கொக்கிகள் இரண்டு. ஓரத்தில் சிறு கொக்கிகள் வரிசையாக. வில்லையை மாற்றினேன். புழுவின் நடுவயிற்றில் மற்றும் ஓர் இணைக் கொக்கிகள் தெரிந்தன. வயிற்றில் கொக்கி இருக்க என்ன வேலை? அது தாயின் கொக்கியன்று. உள்ளே இருக்கும் பிள்ளையின் கொக்கி.

கைரோடாக்டிலஸ் என்னும் தட்டைப்புழு அது. முட்டையிடாது, குட்டி போடும். அதனினும் வியப்பு, பிறக்குமுன்பே அக்குட்டியின் வயிற்றில் அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. ஒரே ஒரு புழு தொட்டிக்குள் வந்தால் போதும். துணை தேடாமலே குடும்பம் பெருகிவிடும். கப்பியும் குட்டி போடும் மீன். அதன் மேலுள்ள புழுவும் குட்டி போடும் புழு. இயற்கை சில வேளைகளில் இப்படிப் பொருத்தம் பார்க்கிறது.

இதற்கு ஓர் உறவினர் உண்டு: டாக்டிலோகைரஸ். தங்கமீன், கெண்டை இனங்களின் செவுளில் மிகுதியாக வாழும். பெயர் எழுத்து மாறி வருவதால் தேர்வில் இரண்டையும் குழப்பி மதிப்பெண் இழந்தோர் பலர். நான் ஒரு வழி சொல்கிறேன். தலையில் நான்கு கரும்புள்ளிகள், அதாவது கண்புள்ளிகள், இருந்தால் அது டாக்டிலோகைரஸ். கண்புள்ளி இல்லாமல் வயிற்றில் பிள்ளையின் கொக்கி தெரிந்தால் கைரோடாக்டிலஸ். இந்த வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியது என்று முன்பு எண்ணியிருந்தேன். சித்தப்பாவின் தொட்டியருகே நின்றபோதுதான் அதன் விலை தெரிந்தது. டாக்டிலோகைரஸ் முட்டையிடும். முட்டையை மருந்து எளிதில் ஊடுருவாது. ஆதலின் குஞ்சு பொரிக்கும் நாளைக் கணக்கிட்டு மீண்டும் மீண்டும் மருந்திட வேண்டும். கைரோடாக்டிலசுக்கு முட்டையும் இல்லை, கூடும் இல்லை. இருப்பதெல்லாம் மீன்மேலேயே இருக்கிறது. அவற்றை உதிர்த்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

உதிர்க்கும் மருந்து எது? கல்லுப்பு. கப்பி உப்பைத் தாங்கும் மீன், இப்புழு தாங்காது. லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்த நீரில் வலைப்பையோடு மீன்களை இறக்கி, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு, அவை தலைசாயத் தொடங்குமுன் எடுத்துவிட்டோம். பின்னர் நீர் மாற்றிய தொட்டியில் லிட்டருக்கு 3 கிராம் வீதம் உப்பிட்டு வைத்தோம். சில நாள் கழித்து மீண்டும் ஒரு முறை. எல்லா மீனுக்கும் இந்த அளவு பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கெளுத்தி இனங்களும் மென்மையான சில மீன்களும் உப்பைப் பொறுப்பதில்லை. அரைச் சாக்கு உப்பின் விலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஏறத்தாழ அறுநூறு கப்பிகள் பிழைத்தன. கடன் தவணை இரண்டு தவறிற்று.

இப்புழுவின் இனத்தைச் சேர்ந்த ஒன்று ஒரு நாட்டையே கலக்கியிருக்கிறது. கைரோடாக்டிலஸ் சாலாரிஸ் என்பது பால்டிக் கடற்பகுதியின் சால்மன் மீன்களோடு நெடுங்காலமாகப் பழகி வாழ்வது. அவற்றுக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. 1970களில் சுவீடன் வழியாகக் கொண்டுவரப்பட்ட மீன்குஞ்சுகளோடு அது நார்வேக்குள் புகுந்தது. 1975ஆம் ஆண்டில் அங்கே கண்டறியப்பட்டது. நார்வே ஆறுகளின் சால்மனுக்கு அப்புழு புதிது, எதிர்ப்பாற்றல் இல்லை. ஆறு ஆறாக மீன்கள் அழிந்தன. புழுவை ஒழிப்பதற்காக ஆற்றில் ரோட்டினோன் என்னும் நஞ்சைக் கலந்து, இருந்த மீன்களையெல்லாம் கொன்று, மீண்டும் குஞ்சு விட வேண்டிய நிலை பல ஆறுகளில் ஏற்பட்டது. வந்த மீனைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்காததன் விலை அது. நம் வளர்ப்போரிடம் தனித்தொட்டி வைக்கச் சொன்னால், “அந்தத் தொட்டியிலும் மீன் விட்டால் காசாச்சே” என்கின்றனர். சித்தப்பாவும் அப்படிச் சொன்னவரே.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணிகளும் உள்ளன. தங்கமீனின் உடலிலிருந்து நூல்போல் தொங்கி, நுனியில் இரண்டு சிறு பைகளோடு காணப்படுவது லெர்னியா. நங்கூரப்புழு என்பது வழக்குப் பெயர். 1758ஆம் ஆண்டில் லின்னேயசு தம் நூலில் இதைப் புழுக்களோடு சேர்த்து வைத்தார். இது புழுவே அன்று. இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. இளமையில் கால்களோடு நீந்தித் திரியும். இணைசேர்ந்ததும் ஆண் மடிகிறது. பெண்ணோ மீனின் தசைக்குள் தலையைப் புதைத்து, அத்தலையை நங்கூரம்போல் கிளைக்கச் செய்து, உருவம் முழுதும் மாறிப்போகிறது. நாம் காணும் நூல் அப்பெண்ணின் உடல். நுனிப் பைகள் முட்டைகள். உடற்கூற்றை மட்டும் பார்த்தவர்க்குப் புழு என்றே தோன்றும். குஞ்சிலிருந்து தொடர்ந்து பார்த்தவர்க்கே உண்மை விளங்கும். லின்னேயசே ஏமாந்த இடம் என்பதால் மாப்பிள்ளைத் தங்கமீன்களிடம் ஏமாந்த எனக்குச் சற்று ஆறுதல் உண்டு. இவ்வுயிரை இடுக்கியால் பற்றி, நங்கூரம் அறுபடாமல் மெல்ல உருவ வேண்டும். தொட்டியில் உள்ள குஞ்சுகளுக்குத் தனியே மருந்து வேண்டும்.

ஆர்குலஸ் எனும் மீன்பேனும் இவ்வகையினதே. பச்சைப் பயறளவு இருக்கும். தட்டையாக, கண்ணாடிபோல் மீனோடு ஒட்டிக்கிடக்கும். இரண்டு உறிஞ்சு வட்டுகளும் இரண்டு கருங்கண்களும் உண்டு. மீனை விட்டு நீந்திச் சென்று சுவரில் முட்டையிடும். சுவரைத் தேய்த்துக் காயப் போடாமல் மீனுக்கு மட்டும் மருந்திடுவது வீண் வேலை.

மீனின் மேல் வாழும் இத்தகைய ஓட்டுயிர்களைப் பற்றிப் பேசும்போது நம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பேராசிரியர் என். கிருஷ்ணபிள்ளை இத்துறையில் ஆண்டுக்கணக்காக உழைத்துக் கடல்மீன்களின் கோப்பிபாடு ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதிய பெருநூலை, இந்திய விலங்கியல் ஆய்வகம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் கோட்டுப் படங்கள். கால் மில்லிமீட்டர்க் காலின் ஒவ்வொரு முள்ளையும் எண்ணி வரைந்திருக்கிறார்கள். கைப்பேசியால் படம் பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணும் நாம், ஒரு முறை அந்நூலைத் திறந்து பார்ப்பது நல்லது.

சிலவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். தகட்டில் தட்டுப்போன்ற வட்டம் ஒன்று, உள்ளே பற்சக்கரம்போன்ற வளையத்தோடு சுழன்று ஓடினால் அது டிரைக்கோடினா. காண்பதற்கு ஒட்டுண்ணிகளுள் இதுவே அழகு. பெரும்பாலும் அழுக்கு நீரின் அறிகுறி. ஒன்றிரண்டு இருந்தால் மருந்து வேண்டா, நீரை மாற்றினால் போதும். உடலில் பொன்தூள் தூவியதுபோன்ற மெருகு தெரிந்தால், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அது பிசினூடினியம் என்னும் வேறோர் ஓரணுவுயிராக இருக்கலாம். கப்பியின் ஆசனவாயில் சிவந்த நூல்கள் எட்டிப் பார்த்துப் பின் உள்ளே இழுத்துக்கொண்டால் அது கமலானஸ் என்னும் உருண்டைப்புழு. உப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது, தீனியோடு குடற்புழு மருந்து தர வேண்டும். டிஸ்கஸ், ஏஞ்சல் ஆகிய மீன்கள் வெண்ணிறமான இழைமலம் கழித்தால், அம்மலம் உலருமுன் தகட்டில் இட்டுப் பாருங்கள்; சவுக்கிழையால் விரைந்தோடும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கக்கூடும்.

காட்டாறுகளில் பிடித்து வரும் மீன்களிடம் இன்னும் விழிப்பு வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையாறுகளில் வாழும் செங்கணியான், உலக வணிகத்தில் ‘மிஸ் கேரளா’ என்று பெயர் பெற்ற அழகி. 1865ஆம் ஆண்டில் பிரான்சிசு டே அதற்கு இட்ட பெயரில் இருப்பவரோ அன்றைய சென்னை ஆளுநர் டெனிசன்! கேரளத்து அழகிக்குச் சென்னையாரின் பெயர். நம் மன்றத்தார் இதைப் பட்டிமன்றத்திற் பயன்படுத்திக்கொள்ளலாம். பிடித்து வந்த மீன் எந்த ஒட்டுண்ணியைச் சுமந்து வந்தது என்பதைத் தனித்தொட்டியில் வைத்தே அறிய முடியும்.

வளர்ப்போர் உதவி பெற இப்போது வழிகள் உள்ளன. நீர்வாழ் உயிர்களின் நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2013ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் மீன்நோயைக் கைப்பேசி வழியாகத் தெரிவிக்கும் செயலி ஒன்றை நடுவண் அரசு வெளியிட்டது. ஆனால் படத்தில் சளி தெரியாது. சளியில் உள்ளது தெரியவேண்டுமானால் யாரேனும் ஒருவர் நுண்ணோக்கியில் குனிந்தாக வேண்டும்.

சித்தப்பா இப்போது பழைய நுண்ணோக்கி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் தாம் கண்டவற்றை வரைந்து, கீழே தேதியும் தொட்டி எண்ணும் எழுதுகிறார். கைரோடாக்டிலஸ் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. ‘பிள்ளைக்கொக்கி’ என்று எழுதியிருக்கிறார். என் ஆசிரியரிடம் காட்டினேன். பெயர் நன்றாக இருக்கிறது என்றார்.

மன்ற நண்பர்களுள் யார் வீட்டிலேனும், தெரிந்தவர் பண்ணையிலேனும் மீன் நோவுற்றால் என்னிடம் கொண்டுவரலாம். உயிரோடு இருக்கும் மீன் நான்கைந்து; அதே தொட்டி நீரில், பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி காற்றுமாக. தனியே ஒரு புட்டியில் தொட்டி நீர் வேறு வேண்டும். வரும் முன் எந்த மருந்தும் போடாதீர்கள். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு முன் வந்தால் நுண்ணோக்கி ஒழிவாக இருக்கும்.